பித்தளைக்கும் கணக்கு உண்டு

துப்பாக்கி என்றால் சென்னை நண்பர்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வருது. ஒண்ணு சினிமா, இன்னொண்ணு போலீஸ். புதுக்கோட்டைக்காரனுக்கு அது கொஞ்சம் பக்கத்து விஷயம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்குப் போன பிரித்விராஜ் தொண்டைமான் எங்க ஊர் அரண்மனைக் குடும்பத்துப் பிள்ளை. அதே மாவட்டத்தில்தான் 2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை பக்கம் துப்பாக்கி சுடும் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் பாய்ந்தது. நாலைந்து நாளில் அவன் செத்துப் போனான். பெருமையும் துக்கமும் ரெண்டும் எங்க மாவட்டத்துக் கணக்கில் இருக்கு.

விவசாயிகள்கிட்டயும் துப்பாக்கி உண்டு. பயிர்க் காவலுக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கு. ஒற்றைக் குழல், ரெட்டைக் குழல் லைசென்ஸ் வைத்திருக்கிற பழைய குடும்பங்களும் அங்கங்கே உண்டு. தேர்தல் தேதி அறிவிச்சா அதையெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வரணும். மத்த நாள்ல பரண்ல கிடக்கும். சுடுறதுக்கு ஒண்ணும் இல்லை. கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்னி உழுதுட்டுப் போனாலும் நாமா சுட முடியாது. மயிலைத் தொடவே கூடாது.

நான் சொல்ல வந்தது துப்பாக்கியைப் பத்தி இல்லை. சுட்ட பிறகு மிஞ்சுற பித்தளைக் கூட்டைப் பத்தி. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க பெரியப்பா.

பெரியப்பா ராணுவத்தில் ஆர்மரரா இருந்தவர். துப்பாக்கியைக் கழற்றி, பழுது பார்த்து, அளந்து, மறுபடி மாட்டிக் கொடுக்கிற வேலை. சேர்ந்த புதுசில் அவர் கைக்கு வந்தது த்ரீ நாட் த்ரீ. மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. ஓய்வு பெற்று வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகுது. இப்போ எண்பதை நெருங்குறார். ஊர்ல அவர் பழுது பார்க்கிறது ஆயில் என்ஜின், தையல் மிஷின், சுவர்க் கடிகாரம். அவர்கிட்ட ஒரே விதிதான்: மாட்டிக்கிட்டதை அடிக்கக் கூடாது, இழுக்கணும்.

அத்தை மகன் ஒருத்தன் டெக்சாஸில் இருக்கான். கம்ப்யூட்டர் வேலைதான். ஆனா ஊர்ப் புத்தி போகாம ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, ரெண்டு குதிரையும் நாலு மாடும் வச்சிருக்கான். அங்கேயும் பன்னித் தொல்லை. அந்த ஊர்ல நிலத்துக்காரன் தன் நிலத்தில் பன்னியைச் சுடலாம். அதுக்காக அவன் ஒரு பழைய ரைஃபிள் வாங்கினான். வாங்கி வந்து படம் அனுப்பினான். குழலுக்குப் பின்னாடி வளையத்தில் பொறிச்சிருந்த எழுத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தா, இச்சாப்பூர். பெரியப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். "நம்ம பிள்ளைதான், கண்காணாத சீமைக்குப் போயிருக்கு" என்றார். எங்க அத்தை மகனைச் சொன்னாரா ரைஃபிளைச் சொன்னாரா தெரியலை.

அந்த ரைஃபிளுக்குப் புதுத் தோட்டா ஒண்ணு அங்கே ஒரு டாலருக்கு மேல. மச்சான் கணக்குப் பார்க்கிறவன். அங்கே சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்து நிரப்பிக்கிறது சாதாரண விஷயம். அதுக்கான அச்சு, கைப்பிடி வைத்த பிரஸ், தராசு எல்லாம் கடையில் கிடைக்குது. (இங்கே யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. தோட்டா தயாரிக்க நம்ம சட்டம் தனி உரிமம் கேட்குது.) நகரத்து வாசகர்களுக்காக ஒரு வரி: தோட்டாவில் நாலு பாகம். முன்னால குண்டு. உள்ளே மருந்து. அடியில் பொறி தட்டுற கேப். இந்த மூணையும் பிடிச்சு வச்சிருக்கிற பித்தளைக் கூடு. முதல் மூணும் ஒரு தரத்தோட போச்சு. கூடு மட்டும் திரும்பி வரும்.

திரும்பி வர்ற கூடு கொஞ்சம் உப்பியிருக்கும். அதை அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு நசுக்கணும். இங்கேதான் முதல் சிக்கல். பித்தளை மெத்தை, அச்சு எஃகு. நடுவில் வழவழப்பு இல்லைன்னா பித்தளை எஃகோட அப்பிக்கும். எண்ணெய் தொடாத அச்சில் முறுக்கு மாவு ஒட்டுற மாதிரிதான், ஆனா இது விரலால் வழிக்கிற ஒட்டு இல்லை. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் வந்தது. அங்கே காலை. கூடு அச்சுக்குள் போனது வரலை. மச்சான் கைப்பிடியை முழு பலத்தோட இழுத்ததில் கூட்டின் அடி விளிம்பு கிழிஞ்சு பிரஸ் மட்டும் கீழே வந்திருக்கு.

"சுத்தியல் வச்சு மேல இருந்து ஒரு தட்டு தட்டவா மாமா?"

"ஏன், அச்சையும் சேர்த்து வாங்கப் போறியா?" என்றார் பெரியப்பா. "ஊர்ல மோட்டார் மெக்கானிக் பேரிங் கழட்டுறதைப் பார்த்திருக்கியா, இல்ல கம்ப்யூட்டர் மட்டும்தான் பார்த்தியா?"

அப்புறம் வரிசையா சொன்னார். அச்சுக்கு நடுவில் இறங்கியிருக்கிற கம்பியை மேலே தளர்த்தி ஒதுக்கு. கூட்டின் அடியில், கேப் இருந்த ஓட்டையைத் துளைபோட்டுப் பெரிசாக்கு. அதில் மரை வெட்டு. அச்சின் வாய் மேல ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து, மேல வாஷர் வச்சு, மரையில் போல்ட்டை மாட்டித் திருகு. போல்ட் திரும்பத் திரும்ப, கூடு தானா இறங்கி வரும். சுருக்கமா, பேரிங் புல்லர்தான். அமெரிக்காவில் இதே சாமானை ஒரு டப்பாவில் போட்டு விக்கிறாங்களாம். அரைமணி நேரத்தில் கூடு கையில் வந்தது. அச்சில் ஒரு கீறல் இல்லை.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கூட்டுக்கும் மெழுகு மாதிரி இருக்கிற பசையை விரலால் மெல்லிசா தடவச் சொன்னார். அள்ளி அப்பவும் கூடாது. அதிகமானா பசை ஒதுங்க இடமில்லாம கூட்டின் தோள்ல பள்ளம் விழும். கம்மியானா ஒட்டும். அதிரசத்துக்குப் பாகு எடுக்கிற பதம்னு வச்சுக்கங்களேன்.

இது செலவு வைக்கிற சிக்கல். உயிர் விஷயம் இல்லை. ரெண்டாவது கால் அப்படி இல்லை.

நாலு மாசம் கழிச்சு வந்தது. இந்தத் தடவை மச்சான் நிலத்தில் நிக்கிறான், ரைஃபிள் மேசை மேல. சுட்டிருக்கான், சத்தம் வழக்கம்போல. போல்ட்டை இழுத்தா கூட்டின் அடிப் பாகம் மட்டும் வந்து விழுந்திருக்கு, கட்டைவிரல் நக நீளம். மீதி உள்ளேயே நின்னுருச்சு.

"அடுத்த தோட்டாவைப் போட்டுத் தள்ளிப் பார்த்தேன் மாமா. பாதிக்கு மேல போகலை. இன்னும் கொஞ்சம் அழுத்தினா போல்ட் மூடிரும்னு நெனக்கிறேன்."

பெரியப்பா சாப்பிட்டுக்கிட்டிருந்தார். தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்துட்டார்.

"மருமகனே, கையை எடு. போல்ட்டை மூடாதே. மெதுவா பின்னாடி இழு. தோட்டா வந்துச்சா? தூரமா வை. மேகசினைக் கழட்டு. வாய் எந்தப் பக்கம் பார்க்குது? மேட்டுப் பக்கமா? சரி. பிள்ளைங்க எங்க? வீட்டுக்குள்ள போகச் சொல்லு."

எல்லாத்தையும் அவன் செஞ்சு முடிக்கிற வரைக்கும் பெரியப்பா உட்காரலை. சாப்பாட்டுக் கை அப்படியே காய்ஞ்சு போச்சு. உயிருள்ள தோட்டாவை இடுக்கில் அடிச்சுச் சொருகினா, முன்னாலயும் போகாம பின்னாலயும் வராம, மருந்தோடவும் கேப்போடவும் மாட்டிக்கும். அப்புறம் அதை எடுக்கிறவன் கண்ணுக்கும் கைக்கும் யார் பொறுப்பு? அந்த ரைஃபிளின் குண்டு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போற குண்டு. நார்த்தாமலையை நினைச்சுக்கிட்டேன்.

கூடு ஏன் ரெண்டா அறுந்தது? இதைப் பெரியப்பா எனக்கு டிராக்டர் டயரை வச்சு விளக்கினார். பின் டயரில் நாம அடிக்கிற காத்து 15 பவுண்டு சுமாருக்கு. த்ரீ நாட் த்ரீ சுடும்போது கூட்டுக்குள் எழும்புற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 45,000 பவுண்டு. அந்த நொடியில் கூடு உப்பி, குழலின் பின்னறைச் சுவரோட ஒட்டிக்கும். ஒட்டினால்தான் புகையும் நெருப்பும் சுடுறவன் முகத்துக்கு வராது. அதாவது அந்த மெல்லிசு பித்தளைதான் கதவுக்கு இடுக்கில் வைக்கிற ரப்பர். ஆனா ஒட்டுறது முன்பாகம். அடிப்பாகம் தடிச்சது, அது ஒட்டாது. அதுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தா, அந்த இடைவெளிக்கு அடிப்பாகம் பின்னால் நகரும். முன்பாகம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, பின்பாகம் போகுது. நடுவில் பித்தளை இழுபடுது.

ஒரு தரம் இழுபட்டா பாதகமில்லை. அதை மறுபடி அச்சில் போட்டு முழுசா நசுக்கினா, தோள் பின்னாடி தள்ளப்பட்டு அதே இடைவெளி திரும்ப வரும். மறுபடி சுட்டா மறுபடி இழுவை. இப்படி ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில், அடி விளிம்புக்கு ஒரு விரற்கடை மேல, சுவர் உள்பக்கமா தேயும். வெளியிலிருந்து பார்த்தா கூடு புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். அஞ்சாவது தரமோ எட்டாவது தரமோ, அங்கேயே அறுந்துரும்.

த்ரீ நாட் த்ரீக்கு இந்த வியாதி கூடுதல். சேறும் மண்ணும் ஒட்டின தோட்டாவும் தயங்காம உள்ளே போகணும்னு போர்க்காலத்தில் பின்னறையைத் தாராளமா விட்டுச் செஞ்சாங்க. தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போகணும்ங்கிறதை அதன் அடி விளிம்புதான் தீர்மானிக்குது, தோள் இல்லை. அதனால் தோள் பக்கம் எவ்வளவு இடம் காலியா இருந்தாலும் ராணுவத்துக்குக் கவலை இல்லை. சிப்பாய் கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்பப் போறதில்லையே. ஒரு தரம் சுட்டு எறியுறதுக்குச் செஞ்ச அளவு அது. மச்சான் அதைப் பத்துத் தரம் ஓட்டப் பார்த்தான்.

இந்தச் சிக்கல் ரொம்பப் பழசு. அதுக்கு முந்தின மார்ட்டினி ஹென்றி ரைஃபிளுக்கு ஆரம்பத்தில் கொடுத்த தோட்டாவின் கூடு, பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செஞ்சது. சூடேறின குழல்ல அது ஒட்டிக்கிட்டு, கொக்கி இழுத்தா அடி மட்டும் பிய்ஞ்சு வரும். 1885 ஜனவரியில் சூடானில் அபு க்ளியா சண்டையில், எதிரி பக்கத்தில் வந்த நேரம் துப்பாக்கிகள் இப்படி அடைச்சுக்கிட்டு நின்னது அந்த ராணுவத்துக்குப் பெரிய பாடம். அதுக்கப்புறம்தான் ஒரே பித்தளை வில்லையிலிருந்து இழுத்துச் செய்யுற கூட்டுக்கு மாறினாங்க. அப்பவும் அறுவது நிக்கலை. அதனால உடைஞ்ச கூட்டை எடுக்கிறதுக்குன்னே ஒரு சின்னச் சாமானை ராணுவமே செஞ்சு கொடுத்தது.

பெரியப்பா மச்சானை வாங்கச் சொன்னது அதைத்தான். பார்க்கத் தோட்டா மாதிரியே இருக்கும், எஃகு. அதை வெறும் அறையில் போட்டுப் போல்ட்டை மூடினா, அது அறுந்த கூட்டுக்குள் நுழைஞ்சு முன்னால கழுத்து வாயைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அதன் நுனியில் இருக்கிற உதடு, கழுத்து விளிம்பில் மாட்டிக்கும். போல்ட்டைத் திறந்தா ரெண்டும் சேர்ந்து வெளியே வரும். ஒரு வாரத்தில் பார்சல் வந்தது. போட்டான், மூடினான், திறந்தான். மீதிக் கூடு வந்து மேசையில் விழுந்த சத்தம் இங்கே கேட்டது.

மச்சான் முகத்தில் சிரிப்பு. பெரியப்பா சிரிக்கலை.

"இதுவரைக்கும் இந்தக் கூட்டை எத்தனை தரம் நிரப்பினே?"

"கணக்கு வைக்கலை மாமா."

"பால்காரன் கணக்கு எழுதுறே. வட்டிக் கணக்கு எழுதுறே. உன் மூஞ்சிக்கு முன்னால வெடிக்கிறதுக்குக் கணக்கு இல்லையா?"

மொத்தம் அறுபது கூடு வச்சிருந்தான். மெல்லிசு கம்பியை நுனியில் கொக்கி மாதிரி வளைச்சு, ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் விட்டு, அடியிலிருந்து சுவரோட உரசி மேலே இழுக்கச் சொன்னார். தேய்ஞ்ச இடத்தில் கொக்கி பள்ளத்தில் விழுந்த மாதிரி தடுக்கும். வெளிப்பக்கம் அதே இடத்தில் மினுக்குற வளையம் தெரிஞ்சா, அது கடைசி எச்சரிக்கை. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான். இருபத்து மூணு கூட்டில் தடுக்குச்சு. அதை என்ன பண்றதுன்னு ஒரு சின்ன வாக்குவாதம்.

"இன்னும் ஒரே ஒரு தரம் ஓடாதா மாமா? வெளியில நல்லாத்தானே இருக்கு."

"குறடு எடு. ஒவ்வொண்ணா வாயை நசுக்கு. நான் பார்க்கிறேன்."

கேமரா முன்னாடியே இருபத்து மூணையும் நசுக்க வச்சார். நசுக்காம குப்பையில் போட்டா, நாளைக்கு நீயே பொறுக்கி எடுப்பே என்றார். அவருக்கு நம்ம ஜனங்களைத் தெரியும். அறுந்த செருப்பைத் தைச்சு, தைச்ச செருப்பை மறுபடி தைச்சு, கடைசியில் அதை வாசல்ல திருஷ்டிக்குக் கட்டுற வம்சம் இது.

மீதிக் கூட்டுக்கு ரெண்டு வழி சொன்னார். இனிமே முழுக் கூட்டையும் அச்சில் நசுக்காதே, குண்டு உட்காருற கழுத்தை மட்டும் நசுக்கு. அப்போ கூடு அந்த ரைஃபிளின் அறைக்கு ஏத்த உடம்போடவே இருக்கும், தோள் பக்கம் இடைவெளி திரும்ப வராது. அதனால ஒரு ரைஃபிள்ல சுட்ட கூட்டை இன்னொண்ணுக்கு மாத்தாதே. ரெண்டாவது, மறுபடி சுடறதுக்கு முன்னால ரைஃபிளைத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்டக் கொடுத்து, போல்ட் இடைவெளியை கேஜ் வச்சு அளக்கச் சொல்லு.

அப்புறம் திடீர்னு கேட்டார்: "கூட்டை எங்க வச்சிருக்கே? குதிரைக் கொட்டாயிலயா?"

அங்கேதான் வச்சிருந்தான். எனக்கு ஆச்சரியம். பின்னாடி தேடிப் படிச்சேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தா, லாயத்துப் பக்கம் வச்சிருந்த தோட்டாக் கூடுகள் தானாவே விரிசல் விட்டிருக்கு. காரணம், குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்புற அமோனியா. செய்யும்போது இழுத்து அடிச்சதில் பித்தளைக்குள் தங்கிப்போன விறைப்பும், ஈரமும், அமோனியாவும் சேர்ந்தா பித்தளை வெடிக்கும். 1921-ல்தான் இதை ஆராய்ந்து தெளிவா எழுதினாங்க. மழைக்காலத்தில் வர்றதால அதுக்குப் பருவ விரிசல்னு பேர். மருந்து, செஞ்ச பிறகு பதமாச் சூடு காட்டி விறைப்பை எடுக்கிறது.

இதைப் படிச்சதும் எனக்குக் கன்னார் பட்டறைதான் ஞாபகம் வந்தது. பித்தளைக் குடம் அடிக்கிறவங்க, கொஞ்ச நேரம் அடிப்பாங்க, அப்புறம் உலையில் வாட்டுவாங்க, மறுபடி அடிப்பாங்க. வாட்டாம அடிச்சா வாய் கீறிடும். ஆராய்ச்சிக்கூடம் போகாமலே அவங்க கைக்கு இது தெரியும். நம்ம மாட்டுக் கொட்டாயிலும் பித்தளைச் சாமான் போடாதேன்னு ஆத்தா சொல்லும். கறுத்துப் போகும்னு நினைச்சேன். அதுக்கு மேலயும் விஷயம் இருக்கு.

மச்சான் இப்போ ஒழுங்கா இருக்கான். கூடு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு தரம்னு வரம்பு. டப்பா மேல கோடு போட்டு எண்ணிக்கை. கொக்கிக் கம்பி ஆணியில் தொங்குது. கூடு வீட்டுக்குள்ள, உலர்ந்த இடத்தில். சிக்கனம் ஒண்ணும் குறையலை. எத்தனை தரம்ங்கிற கணக்கோட சேர்ந்தா அதுக்குப் பேர் சிக்கனம். கணக்கு இல்லாம ஓடுற வரைக்கும் ஓட்டினா அதுக்கு வேற பேர்.

அந்தக் கால் முடிஞ்ச மறுநாள் காலையில் பெரியப்பா எங்க போர்வெல் பக்கம் வந்தார். மோட்டார் இறக்கியிருக்கிற நைலான் கயிறைக் கையில் பிடிச்சு, கவ்வைக்குப் பக்கத்தில் வளையுற இடத்தை விரலால் பிரிச்சுப் பார்த்தார்.

"இந்தக் கயிறுல மோட்டாரை எத்தனை தரம் ஏத்தி இறக்கினீங்க?"

வெளியே பார்த்தா கயிறு நல்லாத்தான் இருந்தது. உள்ளே இழை பொடிப்பொடியா நூலாகிக் கிடந்தது. முந்நூறு அடி ஆழத்தில் மோட்டார். அறுந்து உள்ளே விழுந்தா மோட்டாரும் போச்சு, போரும் போச்சு. அன்னிக்கே புதுக்கோட்டை போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்தோம். பழசை மாட்டுக்குத் தும்பாக்கலாம்னு அண்ணன் சொன்னார். பெரியப்பா அரிவாளை எடுத்து நாலு துண்டாக்கிட்டார். மோட்டார் ரூம் கதவுக்கு உள்பக்கம் இப்போ சாக்பீஸில் தேதி எழுதியிருக்கோம். மோட்டாரைத் தூக்குற ஒவ்வொரு தரமும் அதுக்குக் கீழே ஒரு கோடு. இதுவரைக்கும் ரெண்டு.